31 கழியும்வரை பார்த்திருக்காதீர்கள்

இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். பச்சைப் பிள்ளையின் மலத்தைப் பற்றிய பதிவு. சாப்பாட்டு நேரமென்றால் பிறகு வாசியுங்கள், ஆனால் வாசிக்காமல் விடாதீர்கள்.

என் மச்சாளுக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே உடம்பில் மஞ்சள் தெரிந்தது. பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாகவே போய்விடும். அம்மம்மா காலையில் இளவெயில் காட்டினா. பிள்ளை நன்றாகப் பால் குடித்தான், நிறையும் ஏறியது. கண்ணில் மஞ்சள் மட்டும் போகவில்லை. காட்டிய இடத்தில் "தாய்ப்பால் மஞ்சள், போயிடும்" என்றார்கள். வீட்டில் "31 கழியட்டும், துடக்கோட எங்க கொண்டு திரியிற" என்றார்கள். பிள்ளை பிறந்து 31 நாள் வரைக்கும் வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, என்பது எங்கள் வழக்கம். நானும் அதற்குத் தலையாட்டியவள்தான்.

திருகோணமலை உப்புவெளியில் அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் மச்சாள் சீலைத்துண்டு கழுவிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "இவன்ட கக்காத் துண்டு கழுவ லேசு, கறையே பிடிக்கிறதில்ல. மூத்திரத் துண்டுதான் மஞ்சளாப் பிடிச்சுப்போய்க் கிடக்கு" என்றா. நோய் தன்னை வாய்விட்டுச் சொன்ன மாதிரி இருந்திருக்கிறது அந்த வார்த்தை. எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

மலத்துக்கு நிறம் கொடுப்பது ஈரலில் சுரக்கும் பித்தநீர். அது ஈரலிலிருந்து சிறு குழாய்கள் வழியாகக் குடலுக்கு வர வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தக் குழாய்கள் அடைபட்டு அழிந்துபோகின்றன. பிலியரி அட்ரீசியா என்கிறார்கள். பித்தநீர் குடலுக்கு வராததால் மலம் சுண்ணாம்பு போல, களிமண் போல வெளிறிவிடும். பித்தத்தின் மஞ்சள் இரத்தத்தில் தேங்கி மூத்திரத்தில் இறங்கும். நிறமே இல்லாமல் போக வேண்டிய பச்சைப் பிள்ளையின் மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகும். உள்ளே ஈரல் தேங்கிய பித்தத்தில் பழுதாகிக்கொண்டிருக்கும். வெளியே பிள்ளை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருப்பான்.

எங்கள் பிள்ளைக்கு நோய் பிடிபட்டது 74ஆம் நாள், கொழும்பில்.

மொறியோ கசாய் என்ற ஜப்பானிய மருத்துவர், செண்டாய் நகரத்தில் இருந்தவர், அழிந்த குழாய்களை எடுத்துவிட்டுச் சிறுகுடலையே மேலே இழுத்து ஈரலோடு தைக்கும் சத்திரசிகிச்சையை 1950களில் செய்து, 1959இல் எழுதி வெளியிட்டார். அதுவரை கைவிடப்பட்ட பிள்ளைகள் இவர்கள். இன்றைக்கும் முதல் சிகிச்சை அதுதான். ஆனால் 60 நாளுக்குள் செய்தால்தான் பித்தம் ஓடத் தொடங்குவதற்கு நல்ல வாய்ப்பு, நாள் போகப்போக அது குறைந்துகொண்டே வரும். அந்த 60இல் 31ஐ நாங்கள் துடக்குக்குக் கொடுத்துவிட்டோம்.

மருத்துவ ஆராய்ச்சி என்றால் பெரிய இயந்திரங்கள், கோடிக்கணக்கான காசு என்றே நினைத்திருந்தேன். தாய்வானில் செய்ததைப் படித்த பிறகு அப்படி நினைப்பதில்லை. பிள்ளைகளின் மலம் எந்தெந்த நிறத்தில் இருக்கும் என்று படம் பிடித்து ஒரு அட்டையில் அச்சடித்தார்கள், அவ்வளவுதான். 2004இலிருந்து நாடு முழுக்க, பிள்ளை பெற்ற எல்லாத் தாய்மாருக்கும் அது போனது. நப்பியையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தாயின் வேலை. இந்த நோய் வந்த பிள்ளைகளில் ஐந்து வருடம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 56 பேர், அட்டை வந்த பிறகு 89 பேர். மருந்து புதிதில்லை, கத்தி புதிதில்லை. நேரத்தோடு பார்த்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அன்னாசி திண்டிருப்பாள், அதுதான்" என்று மச்சாளின் காதுபடவே ஒருவர் சொன்னார். அவ அழுததை நான் பார்த்தேன். இந்த நோய் எதனால் வருகிறது என்பதற்கு உலகத்திலேயே இன்னும் முழு விடை கிடையாது. ஒரு வைரஸ் தொட்டுவிட, பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியே குழாய்களைத் தாக்குகிறதா என்று தேடுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் ஒரு அணைக்கட்டு வறட்சியில் வற்றி, வெளித்தெரிந்த நிலத்தில் முளைத்த ஒரு செடியைச் சினை ஆடுகள் மேய்ந்தன. பிறந்த குட்டிகளுக்கு இதே நோய். 1964, 1988, 2007 என்று வறட்சி வந்தபோதெல்லாம் இப்படி நடந்தது. அந்தச் செடியைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்து, உள்ளிருந்த நஞ்சை 2015இல் அடையாளம் கண்டு பிலியாட்ரெசோன் என்று பெயர் வைத்தார்கள். நாம் சாப்பிடும் செடி இல்லை அது. ஆனால் குழாய் எப்படி அழிகிறது என்று மீன் குஞ்சில் வைத்துப் படிக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. உலகம் ஆட்டுக்குட்டியிலிருந்து மீன் வரைக்கும் தேடிக்கொண்டிருக்க, நாம் ஒரு தாயின் தலையில் அன்னாசிப் பழியைப் போடுகிறோம்.

மருமகனுக்கு இப்போது மூன்று வயது. 80ஆம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. மஞ்சள் முழுதாகப் போகவில்லை, ஒருநாள் மாற்று ஈரல் தேவைப்படலாம் என்கிறார்கள். 1998இல் டெல்லியில் தகப்பனின் ஈரலில் ஒரு துண்டைப் பெற்றுப் பிழைத்த காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கும் இதே நோய்தான். அவர் பிறகு டொக்டராகவே படித்து வந்தார். அந்தச் செய்தியை மச்சாள் போனில் சேமித்து வைத்திருக்கிறா.

கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என்று எங்கே இருந்தாலும், வீட்டில் பச்சைப் பிள்ளை இருந்தால் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அம்மம்மாமாரிடமும் சொல்லுங்கள், கழுவுகிற கை பெரும்பாலும் அவர்களுடையது. கடுகு மஞ்சள், பச்சை, கபிலம் என்றால் சரி. வெளிறியிருந்தால் துடக்கு, நாள், கோள் பார்க்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். 14 நாள் கடந்தும் கண் மஞ்சளாக இருந்தால், மல நிறம் எதுவாக இருந்தாலும் இரத்தத்தில் டைரக்ட் பிலிருபின் (பித்தம் குடலுக்குப் போகாமல் தேங்கினால் இரத்தத்தில் கூடும் மஞ்சள்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "போயிடும்" என்று சொன்னால் இன்னொரு தரம் கேளுங்கள்.

போன கிழமை சாம்பல்தீவில் சொந்தத்தில் ஒரு பிள்ளை. ஒன்பதாம் நாள். போனவுடன் நப்பியைத் திறந்து ஜன்னலடியில் வைத்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள். என்றாலும் கலண்டரில் 14ஆம் நாளை வட்டம் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.