28-வது பிரிவு மனைவி

"ஜெர்மன்காரரையே கட்டியாச்சு, உனக்கென்ன விசா கவலை?" கல்யாணமான புதிதில் இதைக் கேட்காத ஆளே இல்லை.

கவலை நிறையவே இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனைவி, ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலைத் தேர்வில் தேர்ச்சி பெற்றால்தான் பொதுவாக விசா. 2007-இல் கொண்டுவந்த விதி. அமெரிக்க, ஜப்பான் பாஸ்போர்ட் என்றால் தேவையில்லை. அதுகூடப் போகட்டும். ப்ளூ கார்டில், அதாவது உயர்படிப்பு படித்த வெளிநாட்டினருக்கான வேலை அனுமதியில், அங்கே வேலை பார்க்கும் ஓர் இந்தியரைக் கட்டியிருந்தால் எனக்கு இந்தத் தேர்வே கிடையாது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரரைக் கட்டியிருந்தாலும் கிடையாது. சொந்தக் குடிமகனின் மனைவிக்குத்தான் பரீட்சை! இதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பேச்சுத் தேர்வில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள். அப்பா பெயரோடு சேர்த்து 22 எழுத்து. பாதியில் எனக்கே எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தேர்வாளர் சிரித்துவிட்டார். பாஸ்.

மொழி படித்தது நஷ்டமில்லை. உறுத்தியது, அங்கே தங்குவதற்கு எனக்குக் கொடுத்த அனுமதி கார்டுதான். வேலை பார்க்க முதல் நாளிலிருந்தே அனுமதி உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சட்டப் பிரிவில் கொடுத்தார்கள் என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கிறது: 28. ஜெர்மானியரின் குடும்பம் என்று அர்த்தம். என் படிப்புக்கோ அனுபவத்துக்கோ அதில் வேலையில்லை. சேர்ந்து வாழ்கிறோம் என்பதுதான் அடிப்படை. அங்கே 3 வருஷம் தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான், பிரிந்தாலும் 31-வது பிரிவில் தனியாக நிற்க வழி. அதற்கு முன்னால் என்றால், வீட்டில் அடி உதை போன்ற கொடுமை நடந்ததென்று நிரூபிக்க வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு சண்டை. ஜன்னலை அகலத் திறந்து காற்று வாங்க வேண்டும் என்பார் அவர். உறைந்து சாக நான் தயாரில்லை. குரல் உயர்ந்துகொண்டே போனது. திடீரென்று நான் அடங்கிவிட்டேன். விட்டுக்கொடுத்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்குள் ஓடியது கார்டின் கடைசித் தேதி.

சில மாதம் கழித்து அவரிடம் சொன்னேன். ஆடிப்போய்விட்டார். அப்படியொரு பிரிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லையே.

அதனால்தான் என்னைப் போல ஜெர்மனிக்குப் போகவிருந்து இன்பாக்ஸில் கேட்கும் பெண்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும், உங்கள் காகிதங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அங்கே புதிதாக வருபவர்களுக்கு மொழியும் நாட்டு நடப்பும் சொல்லிக்கொடுக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவாக 700 பாடவேளை. அதில் 600 மொழிக்கே போகும். அலுப்பாக இருந்தாலும் விடாதீர்கள். பி1 என்ற நடுநிலை மொழித் தேர்வை முடித்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருக்கும்பட்சத்தில், 3 வருஷத்தில் நிரந்தர அனுமதியே கேட்கலாம். "வாழப் போகும்போதே பிரிந்து போவதைப் பற்றிப் பேசலாமா" என்கிறார்கள். நான் பேசவில்லை அம்மா, அந்த நாட்டுச் சட்டம் பேசுகிறது.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். போனதும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். எங்கள் பெட்டியில் அவர் குடும்பப் பெயர் மட்டும் இருந்ததால் எனக்கு வந்த முதல் கடிதம் திரும்பிப் போய்விட்டது. இப்போது என் பெயரும் இருக்கிறது. நீளம் அதிகம் என்பதால் எழுத்துதான் பொடிப்பொடியாக.