சிறைக்குள்ளும் மருத்துவச் செலவு உண்டு
அமெரிக்காவில் சிறைக்குக் கொட்டும் பணத்தை மருத்துவமனைக்குத் திருப்பிவிட வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரி, ஆனால் அந்தச் சிறைச் செலவிலேயே கணிசமான பங்கு மருத்துவத்துக்குத்தானே போகிறது? கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் இடமில்லாமல் தற்கொலை எண்ணம் கொண்ட கைதிகளை டெலிபோன் பூத் அளவுக் கூண்டில், கழிப்பறைகூட இல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே கைதிகள் எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்ன தீர்ப்பில் இது அப்படியே இருக்கிறது. வெளியே சிகிச்சைக்குக் காசில்லை என்று கைவிரித்துவிட்டு, அதே ஆளை உள்ளே தள்ளிக் காவலுக்கும் சேர்த்துச் செலவழிப்பது என்ன கணக்கோ! அப்புறம், நூறு பேரை விடுதலை செய்தால் மிச்சமாவது பெரும்பாலும் சாப்பாடு, உடை, மருத்துவம் மாதிரி ஆளுக்கு ஆள் ஆகும் செலவுதான். கட்டடமும் காவலர் சம்பளமும் அப்படியே நிற்கும். ஒரு சிறையை மொத்தமாக மூடினால்தான் காசு கைக்கு வரும், அதைச் சொல்ல அரசியல்வாதிகளுக்கு லேசில் வாய் வராது.