மானிட்டர் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான்

"ஐசியூவில் எல்லாவற்றையும் மெஷினே பார்த்துக்கொள்ளும். அலாரம் அடித்தால் டாக்டரைக் கூப்பிடுவது மட்டும்தான் நர்ஸ் வேலை" என்று மேலே ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியில்லைங்க.

விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும், கை சில்லிட்டுக் கிடந்தாலும் ஆக்சிஜன் குறைந்துவிட்டதாக மானிட்டர் அலறும். நிஜமாகவே குறைந்ததா, கிளிப் கோளாறா என்று நோயாளியின் உதட்டு நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்து முதலில் கண்டுபிடிப்பது நர்ஸ்தான். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்; குழாயில் சேரும் சளியை எடுக்காது. தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, டார்ச் அடித்துக் கண்பாவையைப் பார்ப்பது, பிரஷரைத் தாங்கிப்பிடிக்கும் மருந்தை டாக்டர் எழுதிய வரம்புக்குள் கூட்டிக் குறைப்பது எல்லாம் ஆள் செய்கிற வேலை. பார்வை நேரத்தில் ஐந்து நிமிடம் எட்டிப் பார்ப்பவர் கண்ணில் இது படாததும் இயல்புதான்.

சரிபார்க்க வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்திருந்தால் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதில் ஐசியூ சார்ட்டைப் பிரித்தால், பெரும்பாலும் மணிக்கொரு கட்டம்: நாடி, பிரஷர், சிறுநீர் அளவு, மருந்து ஓடும் வேகம். இரவு 3 மணிக் கட்டத்தை நிரப்பியது யார் என்று பாருங்கள்.