தொகுதிக்காகப் பிள்ளை பெறச் சொல்லாதீர்கள்

2025 மார்ச்சில் நாகப்பட்டினம் கல்யாண மேடையில், எம்.பி. சீட் குறையாமல் இருக்க மணமக்கள் உடனே பிள்ளை பெற வேண்டும் என்று அன்றைய முதல்வர் ஸ்டாலின் பேசினார். அந்தப் பேச்சைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு இவ்வளவு வசவு வரும் என்று நினைக்கவில்லை. "தமிழ்நாட்டுக்கு எம்.பி. சீட் குறைந்தால் உங்களுக்குச் சந்தோஷமா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சந்தோஷம் இல்லை தம்பி. அதற்காகப் பெண்களைப் பிள்ளை பெறச் சொல்லாதீர்கள் என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மக்கள்தொகைப்படி சீட்டைப் பிரித்தால் நமக்குக் குறையும் என்ற பயம் நியாயமானது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1971 கணக்கெடுப்போடு சீட்டை நிறுத்தி வைத்தார்கள். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கிற நிதிக்குழுவிலும் நம் பங்கு 13ஆவது குழுவில் 4.969 சதவீதம், 15ஆவதில் 4.079. அதையெல்லாம் நாடாளுமன்றத்தில் கேளுங்கள், கோர்ட்டுக்குப் போங்கள், நானும் கூட வருகிறேன். சென்சஸ் 2027 மார்ச் 1 நிலவரப்படி எடுக்கப் போகிறார்கள். புதுசாகத் தாலி கட்டிக்கொண்ட பெண்கள் அவசர அவசரமாகப் பெற்றால் எத்தனை சீட் மிஞ்சும்?

நான் என் அம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை. சுவரெல்லாம் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று எழுதியிருந்த காலம். நான் பிறந்த கையோடு அம்மாவுக்கு ஆபரேஷன். அப்பாவுக்குச் செய்யலாமே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நம் மாநிலத்தில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். நிறுத்து என்றபோதும் எங்கள் உடம்புதான், பெறு என்றாலும் எங்கள் உடம்புதானா?

"உங்களுக்குப் பிள்ளை என்றாலே வெறுப்பு" என்று எழுதியவருக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். எனக்கு இரண்டாவது வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா? முதல் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிப் போனால் என் நாற்காலியில் வேறொருத்தி. அப்புறம் கிடைத்த வேலையில் பாதிச் சம்பளம். மகளை அம்மாதான் வளர்த்தாள். அம்மாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு இன்னொன்றைப் பெற்று யார் மடியில் போடுவது? இதையெல்லாம் இங்கே எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுத வைத்துவிட்டீர்கள்.

"அந்தக் காலத்தில் பத்துப் பெற்றார்களே." பத்தில் எத்தனை தங்கியது என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கிழவர்கள் பெருகிவிடுவார்கள், உழைக்க ஆள் இருக்காது என்கிறீர்கள். அது உண்மையான கவலை. 2021இல் நம் மாநிலத்தில் 60 வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. ஆனால் இன்று பிறக்கும் பிள்ளை சம்பாதிக்க இருபது வருஷம் ஆகுமே, அதுவரை இவர்களுக்கு யார்? முதியோர் பென்ஷனில் 79 வயது வரைக்கும் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். சுகர் மாத்திரைக்குக் காணுமா அது? இரண்டோடு நிறுத்துங்கள் என்று அரசாங்கம் சொன்னதை நம்பி நிறுத்தியவர்கள் இவர்கள். அவர்களைப் போய்க் கமெண்டில் "சுமை" என்கிறீர்கள். என் அம்மா சுமை இல்லை. அவள் சமைத்து, தூக்கி, குளிப்பாட்டி வளர்த்ததில்தான் நான் வேலைக்குப் போனேன், வரி கட்டினேன். அந்த உழைப்பைப் பற்றி எந்தப் பட்ஜெட்டிலும் ஒரு வார்த்தை கிடையாது.

பிள்ளை வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிற தம்பிகள் ஒன்று செய்யுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று நாளைக்கு எச்.ஆரிடம் கேட்டு வந்து இங்கே எழுதுங்கள். அதற்கு அப்புறம் பேசலாம்.