பின்பக்கம் வெளுத்திருந்தால் போலியா?

"சேலையின் பின்பக்கம் வெளுத்திருந்தால் அது போலிச் சாயம், வாங்காதீர்கள்" என்று தீபாவளி நேரத்தில் சிங்கப்பூர் தேக்கா கடைப் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு.

சாயம் முக்கும்போது துணி முழுவதும் தொட்டியில் ஊறும். நிறம் இருபுறமும் ஏறும். அச்சிடும்போது, பல சமயம் அதே சாயத்தையே, கூழ்போலக் கெட்டியாக்கி வேண்டிய இடத்தில் மட்டும் ஒற்றுவார்கள். கூழ் மேலேயே நிற்பதால் பின்பக்கம் மங்கும். அவ்வளவுதான்.

நம்மூர் பாத்தேக் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். அசல் பாத்தேக், அதாவது சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகிட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தது என்றால் உட்புறமும் பூ பளிச்சென்று தெரியும். அச்சிட்டது பெரும்பாலும் மங்கலாக இருக்கும். (அச்சு மலிவு, மோசடி அல்ல, பாத்தேக் என்று சொல்லி விற்றால்தான் வம்பு.) மெழுகு முறையின் விளக்கம், 2009இல் இந்தோனேசிய பாத்தேக்கைச் சேர்த்த யுனெஸ்கோ பட்டியலிலேயே இருக்கிறது.

தகவல் வந்தால் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.