கொரிய 'அப்பா' தமிழிலிருந்து போனதா?

"கொரியர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அது நாம் கொடுத்த சொல்" என்று ஒரு தகவல் வாட்ஸப்பில் சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்கு ஆதாரம் இல்லை.

அரமேய மொழியில் 'அப்பா', துருக்கியில் 'பாபா', சீனத்தில் 'பாபா'. இவர்கள் எல்லாரும் யாரிடமிருந்து வாங்கினார்கள்? யாரிடமும் இல்லை. மழலைக்கு முதலில் வசப்படுவது 'ஆ'. கூடவே உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தால் 'பா', 'மா' தானாக வரும். பால் குடிக்கும் குழந்தை வாய் மூடியபடி மூக்கால் முனகுவதே 'ம்' ஆகிறது என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். அந்த ஒலிக்குப் பொருள் கொடுப்பது பெற்றோர்தான். அதனால்தான் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா!

மொழி உறவைச் சொல்ல மழலைச் சொல் போதாது. எண்களைப் பாருங்கள்: கொரிய மொழியில் ஹனா, துல், செத், நமக்கு ஒன்று, இரண்டு, மூன்று. ஒட்டவே இல்லை. 1905இல் அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் கொரிய, திராவிட மொழிகளை ஒப்பிட்டு நூலே எழுதினார்; இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை.

தமிழ் உண்மையிலேயே உலகுக்குக் கொடுத்த சொல் வேண்டுமா? ஆங்கில அகராதியில் நம் கட்டுமரம் 'catamaran' என்று இருக்கிறது. அதைப் பகிருங்கள்.