எல்லாப் பட்டியலிலும் சேர வேண்டாம்

மலிவாக விமானச் சீட்டு வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சலுகைகளைத் தெரிந்துகொள்ள எல்லா விமான நிறுவனங்களின் மின்னஞ்சல் பட்டியலிலும் சேரச் சொல்கிறது அது. சேரலாம்தான். ஆனால் ஒரு மாதத்தில் எதையும் திறக்காமலே அழிக்கத் தொடங்கிவிடுவோம். அதற்குப் பதில் விமானக் கட்டணம் தேடும் தளமான கூகுள் ஃபிளைட்ஸில் ஊரையும் தேதியையும் போட்டு, விலையைக் கண்காணிக்கும் பொத்தானைத் தட்டிவிட்டால் போதும். கட்டணம் கணிசமாக மாறும்போது அதுவே அஞ்சல் அனுப்பும். எங்கே போவது என்றே முடிவாகவில்லையா? ஸ்கைஸ்கேனர் என்ற இன்னொரு தேடல் தளத்தில் சேருமிடத்தை 'எங்கும்' (Everywhere) என்று வைத்துத் தேடிப் பாருங்கள்.

அப்புறம், 'பாதி விலை' என்று கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். வரி, பெட்டி, இருக்கைத் தேர்வு எல்லாம் ஏறி, பணம் கட்டும் பக்கத்தில் நிற்கிற தொகைதான் கணக்கு. அடியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் பயணக் காலம் இருக்கும். விடுமுறை நாட்களை அங்கேதான் நைசாகக் கழற்றிவிட்டிருப்பார்கள்.

தேடிய விவரத்தை உலாவி சேமிக்காத மறைநிலைச் சாளரத்தில் (incognito) தேடினால் விலை குறையும் என்று கட்டுரை சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. திரும்பத் தேடும்போது விலை ஏறியிருந்தால், நாம் தேடியதுதான் காரணம் என்றில்லை. ஒரே விமானத்திலேயே பல கட்டண வகுப்புகள் உண்டு. மலிவானதில் இடம் தீர்ந்தால் அடுத்ததன் விலை தெரியும், அவ்வளவுதான்.

விசா விதி மாற்றத்துக்கு மட்டும் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தையே பாருங்கள். சலுகைத் தளங்கள் அதைப் பல நேரம் பழையதாகவே வைத்திருக்கின்றன.